அப்பா பாதியில் விட்டுச் சென்ற வள்ளம்: முடிப்பதா, பிரிப்பதா, கைமாற்றுவதா?

வாசகர் கேள்வி: என் அப்பா மன்னார் வளைகுடாக் கரையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடல்தொழில் செய்தவர். தொழிலை விட்ட பிறகு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, தமக்கென்று 26 அடி நீளத்தில் மர வள்ளம் ஒன்றை, தம் வயதையொத்த ஓடாவி (படகு கட்டும் தச்சர்) ஒருவருடன் சேர்ந்து கட்டத் தொடங்கினார். ஏரா (வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) வைத்த அன்று பங்குத்தந்தை வந்து மந்திரித்துக் கொடுத்தார். வங்குகள் (விலா எலும்பு போன்ற வளைந்த சட்டங்கள்) எல்லாம் நின்றுவிட்டன. பலகை பாதிக்கு மேல் ஏறிவிட்டது. சென்ற ஐப்பசியில் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். உயில் எழுதி வைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி, பிரித்து மரத்தை விற்றுவிடலாம் என்கிறான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எனக்கோ, நகையை அடகு வைத்தாவது முடித்துக் கடலில் இறக்கிவிட வேண்டும் என்று இருக்கிறது. மேலே பைபர் (கண்ணாடியிழை) ஒட்டிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஒரு வியாபாரி சொல்கிறார். அம்மா எதுவும் சொல்வதில்லை. தினமும் மாலையில் வள்ளத்தின்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறார். அப்பா இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, "இந்த வயசுல எதுக்குப்பா இது?" என்று தொலைபேசியில் கேட்டேன். "பேரனைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகணும்ல" என்றார். என் மகனுக்கு ஒன்பது வயது. அப்பாவின் உளி, மரம் செதுக்கும் வாய்ச்சிகளைக்கூட என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மரப் படகுகளை ஆய்வு செய்து, காப்பீட்டுக்கும் வங்கிக் கடனுக்கும் அறிக்கை எழுதிக் கொடுப்பது முப்பது ஆண்டுகளாக என் தொழில். பாதியில் நின்ற படகுகளைப் பற்றிக் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் பண முடையால் நிறுத்தியவர்கள்; கட்டியவர் இறந்துவிட்டதால் நின்ற படகோடு வருபவர்கள் குறைவு. ஆனால் அந்தச் சிலருக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் அவர்களிடம் படகைப் பற்றிய கேள்வியும் மனத்தைப் பற்றிய கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகின்றன. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் ஒழிய எதற்கும் சரியான விடை கிடைப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரம் நன்றாக இருக்குமானால் அந்த வள்ளம் முடிக்கப்பட வேண்டும். ஆனால் உங்கள் நகையால் அல்ல, உங்கள் பொறுப்பிலும் அல்ல. அதைக் கடலில் ஓட்டித் தொழில் செய்யப்போகிற ஒருவர் முடிக்க வேண்டும். அவருக்கு அதைக் கைமாற்றிக் கொடுக்கும் வேலைதான் உங்கள் குடும்பத்துக்கு உரியது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதையும், இதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் விரிவாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முந்தியது தார்ப்பாய். இதைப் படித்து நீங்கள் வருந்தக் கூடாது. ஆனால் அம்மா தினமும் மாலையில் செய்யும் அந்தக் காரியம் வள்ளத்துக்குக் கெடுதல் செய்துகொண்டிருக்கிறது. பகலெல்லாம் வெயிலில் சூடேறிய மரம் இரவில் குளிரும்போது, இறுக்கிக் கட்டிய தார்ப்பாயின் உட்புறத்தில் ஈரம் வியர்த்து, துளித்துளியாக வங்குகளின் மேல் இறங்கி, கடைசியில் ஏராவின் இரு பக்கமும் தேங்கி நிற்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால், மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை பிடிப்பதற்கு அது போதும். கடலில் மிதக்கும் வள்ளத்தைவிடக் கரையில் மழைநீர் தேங்கிய வள்ளம் சீக்கிரம் மக்கிப்போவதைக் கடற்கரையில் பிறந்த நீங்களே பார்த்திருப்பீர்கள். உப்பு மரத்தை ஓரளவு காப்பாற்றும், நன்னீர் காப்பாற்றாது.

ஆனால் தார்ப்பாயை எடுத்து எறியவும் வேண்டாம், "நீங்கள் கட்டுவதால்தான் கெடுகிறது" என்று அம்மாவிடம் சொல்லவும் வேண்டாம். ஏறத்தாழ ஓர் ஆண்டாக அவர் அந்தக் கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறார். நான்கு மூங்கிலை இரு பக்கமும் நட்டு, நடுவில் முகட்டுக் கழி ஒன்றை வைத்து, வள்ளத்தின் விளிம்புக்கு மேல் இரண்டு அடியாவது உயரத்தில் தார்ப்பாய் கூரை போல நிற்கும்படி செய்துவிடுங்கள். முன்னாலும் பின்னாலும் காற்றுப் போக வழி இருக்கட்டும். அம்மா வழக்கம்போல மாலையில் வந்து ஓரக் கயிறுகளைக் கட்டட்டும். கொட்டகையின் கிடுகு பழசாகியிருந்தால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மாற்றிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் ஆண்டு மழையில் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில்தான் கொட்டும். வள்ளத்துக்குள் கிடக்கும் சருகு, மரத்தூள், சிராய் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஈரத்தைப் பிடித்து வைப்பவை அவைதாம். ஏராவைத் தாங்கும் கட்டைகள் மண்ணோடு சேரும் இடத்தில் கறையான் புற்று இருக்கிறதா என்று கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பாருங்கள். கறையான் பெரும்பாலும் கட்டை வழியாகத்தான் ஏராவுக்கு ஏறும்.

இவ்வளவும் ஒரு வார வேலை, சொற்பச் செலவு. நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் இது வீணாகாது. விற்பதானாலும் மக்காத மரத்துக்குத்தான் விலை உண்டு.

அடுத்தது ஆய்வு. இதில் என்னுடைய ஒரு தவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இதே போன்ற ஒரு குடும்பம் என்னை அழைத்தது. தகப்பனார் இறந்து, வள்ளம் சில ஆண்டுகள் வெறும் வெயிலில் நின்றிருந்தது. நான் வெளிப்புறப் பலகையைத் தட்டிப் பார்த்தேன், கணீரென்று இருந்தது. மூத்த மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எதிர்பார்த்த சொல்லை நான் சொல்லிவிட்டேன்: முடிக்கலாம் என்று. அவர்கள் கடன் வாங்கி முடித்தார்கள். முதல் மழைக்காலத்திலேயே வள்ளம் நீர் எடுத்தது. வங்குகளின் அடிமுனைகள், ஏராவில் வந்து உட்காரும் இடத்தில், உள்ளுக்குள் பஞ்சு போல் மக்கியிருந்தன. அங்கே நான் குத்திப் பார்க்கவில்லை. வள்ளத்தை நட்டத்துக்கு விற்றார்கள். கடன் அதற்குப் பிறகும் நின்றது. வந்தவரின் துக்கத்தைப் பார்த்து ஆய்வைச் சுருக்கிவிடக் கூடாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஆகவே உங்கள் வள்ளத்தை யார் பார்த்தாலும், கீழே எழுதியிருப்பதை அவர் செய்கிறாரா என்று நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதலில் வங்குகளின் அடிமுனை. வங்கு பூவரசோ கருவேலோ எதுவாக இருந்தாலும், மரத்தின் வெட்டுமுகம்தான் முதலில் ஈரத்தைக் குடிக்கும். கூரான கம்பியால் ஒவ்வொரு வங்கின் அடியிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரத்தில் கம்பி ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அளவுக்கு மேல் இறங்காது. மக்கிய மரத்தில் கை அழுத்தத்துக்கே அரை அங்குலம் இறங்கும், இழுக்கும்போது ஈரத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். சுத்தியலின் மரப்பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும் மக்கிய மரம் மொத்தென்றும் ஒலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒலியை மட்டும் நம்பக் கூடாது. என் தவறு அதுதான்.

இரண்டாவது ஏராவின் நேர்மை. அணியத்திலிருந்து (வள்ளத்தின் முன்முனை) பின்முனை வரை ஏராவை ஒட்டி நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். மணல் தரையில் நீண்ட நாள் நிற்கும்போது கட்டைகள் ஒன்றுபோல் இறங்குவதில்லை. ஓரிடத்தில் தாழ்ந்தால் ஏரா அங்கே தொய்ந்துவிடும். பலகை முழுவதும் ஏறிய பிறகு தெரியவந்தால் திருத்த முடியாது. இப்போதே தெரிந்தால் கட்டையைத் தூக்கி, ஆப்பு வைத்து, மெல்ல நிமிர்த்திவிடலாம். அதே நூலை அணியத்தின் உச்சியில் கட்டி, இரு பக்கமும் எதிரெதிராக உள்ள வங்குகளின் தலைவரை அளந்தால், வள்ளம் ஒரு பக்கம் திருகியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நூலின் ஒரு முனையைப் பிடிக்க ஒன்பது வயதுப் பையன் போதும். விடுமுறையில் உங்கள் மகனை அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது ஆணி. ஏதாவது ஓர் இடத்தில் ஓர் ஆணியைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பாணியாக இருந்தால் பலகையும் வங்கும் சேரும் இடத்தில்தான் கழுத்து துருப்பிடித்து மெலியும். தலையும் முனையும் புதிதுபோலவே இருக்கும். ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்து யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். ஓராண்டு கச்சான் (மேற்குக்) காற்றில் நின்ற மரம் சுருங்கத்தான் செய்யும். நீரில் இறங்கினால் பலகை ஊதிச் சேர்ந்துகொள்ளும். மிச்சத்தைக் கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளில் நார் வைத்து அடைப்பது, பார்த்துக்கொள்ளும். அந்த இடைவெளியைக் கெட்டியான பசை போட்டு இப்போதே அடைப்பதுதான் ஆபத்து. பிறகு பலகை ஊதும்போது போக இடமின்றி ஆணியை இழுத்துக்கொண்டு வெளியே தள்ளும்.

இங்கே பைபர் வியாபாரிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பைபர் மோசமான பொருள் அல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரை முழுவதும் பைபர் படகுகள் பெருகிவிட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில்தான் பிழைக்கின்றன. ஆனால் பைபர் அச்சில் வார்த்த படகு வேறு, பலகை வள்ளத்தின்மேல் பைபர் போர்த்துவது வேறு. பலகையால் ஆன உடல் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப ஊதியும் சுருங்கியும் அசைந்துகொண்டே இருக்கும். மேலே ஒட்டிய பைபர் அசையாது. பிசின் பிடிக்க மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய்ப் பசை இருக்கவே கூடாது. உங்கள் அப்பா வழக்கப்படி பலகைக்கு எண்ணெய் கொடுத்திருந்தால் அந்தப் பிடிப்பு தொடக்கத்திலேயே குறைவு. ஓரிடத்தில் விட்டுவிட்டால் போதும், நீர் உள்ளே போய், வெளியே வர வழியின்றி, பைபருக்கும் பலகைக்கும் நடுவில் நின்று மரத்தைத் தின்னும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சீக்கிரம் முடிகிறது என்பதற்காக இதைச் செய்யாதீர்கள்.

இனி பணம். உங்கள் கடிதத்தில் நீங்களும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நிற்பதாகத் தோன்றினாலும், இருவரும் ஒரே தவறான கணக்கைத்தான் வைத்திருக்கிறீர்கள். தம்பி மரத்தைப் புது மரத்தின் விலையில் எண்ணுகிறார். ஆணி அடித்து, வளைவுக்கு ஏற்பச் செதுக்கி, துளையிட்ட பலகையை எந்த மரஅறுவை ஆலையும் விரும்பாது; ஆணியில் பட்டால் வாள் போய்விடும். பிரித்தால் ஏராவுக்கும், நீளமான சில பலகைகளுக்கும் விலை கிடைக்கும். மீதி விறகு. பிரிக்கும் கூலியைக் கழித்தால் கையில் நிற்பது அவர் நினைப்பதில் சிறு பகுதிதான். இதைச் சண்டையாகச் சொல்லாமல், உள்ளூர் மரக்கடைக்காரர் ஒருவரை அழைத்து வந்து, பிரித்தால் என்ன தருவார் என்று எழுத்தில் வாங்கித் தம்பிக்கு அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு தாள் பல தொலைபேசி வாக்குவாதங்களைத் தவிர்க்கும்.

நீங்களோ, முடிக்கும் செலவைப் பலகையும் கூலியுமாக மட்டும் எண்ணுகிறீர்கள். பலகைக் கணக்கு எளிது. பக்கத்துக்கு ஐந்து வரிசை பாக்கி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் பத்துப் பலகை. 26 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலத் தடிப்பு என்றால் ஒவ்வொன்றும் 1.8 கன அடி; பத்துக்கு 18 கன அடி. வளைவுக்கு அறுக்கும்போது மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும் என்பதால் 27 கன அடி மரம் வாங்க வேண்டும். உங்கள் ஊர் அயினி மர விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பிறகு மேல்விளிம்பு, குறுக்குப் பலகைகள், கலப்பத்து, எண்ணெய், சுக்கான், எஞ்சின், வலை, நங்கூரம், கயிறு என்று வரிசை நீளும். எல்லாம் முடிந்து கடலில் இறங்கிய பிறகுதான் உண்மையான செலவு தொடங்குகிறது. மர வள்ளத்தை அவ்வப்போது கரையேற்றி, சுரண்டி, எண்ணெய் கொடுத்து, கலப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதை யாரால் செய்ய முடியும்? கட்டி முடித்துக் கரையில் சும்மா நிறுத்திய வள்ளம், பாதியில் நிற்பதைவிடச் சீக்கிரம் கெடும். நகைக் கடனின் வட்டியைக் கட்டிக்கொண்டு அது கெடுவதைப் பார்க்கும் நிலைமை உங்களுக்கு வரக் கூடாது என்று உளமார விரும்புகிறேன்.

"நினைவாக அப்படியே வைத்துவிட்டால் என்ன?" என்ற எண்ணம் ஒரு கட்டத்தில் வரும். வேண்டாம். அது அம்மாவின் கண் முன்னால் ஆண்டுக்கு ஆண்டு வங்கு வங்காக உதிரும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடியாத, பதிவாகாத வள்ளம் உங்கள் அப்பாவின் அசையும் சொத்து. நீங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் 1925 ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத நிலையில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு, மகன் மகள் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. நீங்கள் இருவர் மட்டுமே பிள்ளைகள் என்றால் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. ஆகவே நீங்களோ தம்பியோ தனியாக முடிவெடுக்க முடியாது. அம்மாவின் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதன் நகலைக் கைமாற்று ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

பதிவைப் பற்றி ஒரு சொல். மீன்பிடிக் கலங்கள் மீன்வளத் துறையில் பதிவு செய்யப்பட வேண்டும். நம் மாநிலத்தில் இதற்கு 1983 ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. வள்ளத்தை எடுப்பவர் யாராக இருந்தாலும், பணம் கைமாறுவதற்கு முன்பே, அவர் பெயரில் பதிவு கிடைக்குமா, கட்டுமானத்துக்கு அப்பா ஏதேனும் அனுமதி வாங்கியிருந்தாரா என்பதை உங்கள் பகுதி மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிடச் சொல்லுங்கள். மரம் வாங்கிய ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள். அப்பாவின் தகரப் பெட்டியிலோ வேதாகமத்தின் நடுவிலோ மடித்து வைத்திருப்பார்.

யாருக்குக் கொடுப்பது? இங்குதான் அந்த ஓடாவி வருகிறார். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் அவரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அவர்தான் இந்த விஷயத்தில் முக்கியமான மனிதர். நம் ஓடாவிகள் வரைபடம் போட்டுக் கட்டுபவர்கள் அல்லர். வங்கின் வளைவு எவ்வளவு, அணியம் எவ்வளவு ஏற வேண்டும், அடுத்த பலகையின் ஓரத்தை எந்தச் சாய்வில் இழைக்க வேண்டும் என்பதெல்லாம் கண்ணிலும் கையிலும்தான் இருக்கும். பாதி நின்ற வள்ளத்தின் மிச்சப் பாதி இப்போது இருப்பது அவர் தலையில். புதிய ஆள் வந்து தொட்டால் தம் வழக்கப்படி வளைத்துவிடுவார். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் இரண்டு வள்ளமாகிவிடும். அவருக்கும் வயதாகிவிட்டது. பைபர் வந்த பிறகு மர வேலை குறைந்து, இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதும் அரிதாகிவிட்டது. அவர் கண்ணும் கையும் நன்றாக இருக்கும்போதே இது முடிய வேண்டும் என்பதுதான் உங்களை நான் அவசரப்படுத்துவதற்கு ஒரே காரணம்.

அவரை வீட்டுக்கு அழைத்துப் பேசுங்கள். அவருக்குக் கூலி பாக்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஓராண்டாக அதைக் கேட்க வாயெடுக்காமல் அவர் இருந்திருக்கக்கூடும். துக்க வீட்டில் போய்க் கூலி கேட்பவர்கள் அல்லர் அவர்கள். பாக்கி இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். பிறகு, இந்த வள்ளம் எந்தத் தொழிலுக்காகக் கட்டப்பட்டது, என்ன வலை, எவ்வளவு ஆழம், எத்தனை பேர் ஏறுவதற்கு என்று கேளுங்கள். அந்த மூன்றுக்கும் பொருத்தமான தொழிலாளி யார் என்பது அவருக்குத் தெரியும். பெரும்பாலும் இரண்டு பெயர்களாவது சொல்வார்.

அப்படி வருபவரிடம் நல்ல விலைக்கு அடம்பிடிக்க வேண்டாம் என்பது என் யோசனை. மரத்துக்கு அப்பா கொடுத்த விலையில் ஒரு நியாயமான பகுதியைப் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். தம்பியின் பங்கு அவருக்குப் போய்ச் சேரட்டும். ஒப்பந்தத்தை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதி, மூன்று வாரிசுகளும் வாங்குபவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளை வையுங்கள். இன்ன மாதத்துக்குள் வேலையைத் தொடங்குவார், அந்த ஓடாவியின் கையாலேயே முடிப்பார், பைபர் போர்த்த மாட்டார், தவணை தவறினால் வள்ளம் திரும்ப உங்களிடம் வரும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்து தை பிறந்தால் பங்குனி வரை மரவேலைக்கு நல்ல காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கரையேறிவிடும். அப்போது வேலையாள் கிடைப்பது கடினம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கைமாற்றுவதற்கு முன், ஒவ்வொரு வங்கையும் எண்ணிட்டு, அதன் உயரம், அகலம், வளைவு ஆகியவற்றை அளந்து ஒரு நோட்டில் எழுதி, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். முடிந்த வள்ளத்தில் உள்கட்டு மறைந்துவிடும். இப்போதுதான் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. மரத்தில் அப்பா பென்சிலால் போட்ட கோடுகளும் எண்களும் இருக்கும். ஓடாவியோடு வேலை செய்பவர்கள் சாண், விரல் கணக்கில் வங்கின் பக்கவாட்டில் குறித்து வைப்பார்கள். அவற்றை அருகில் போய்ப் படமெடுங்கள். அதன் ஒரு பிரதியைத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கு எழுதிக் கேட்டுவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். வரைபடமே இல்லாமல் கட்டப்படும் ஒரு வள்ளத்தின் முழு அளவும் ஒரே இடத்தில் கிடைப்பது எளிதல்ல. ஆய்வில் வங்கடிகள் மக்கிவிட்டன என்று தெரிந்து, பிரிப்பதைத் தவிர வழியில்லை என்றாகிவிட்டாலும், இந்த நோட்டு மட்டும் உங்களிடம் இருக்கும். அப்படியொரு நிலை வந்தால் தயங்காமல் பிரித்துவிடுங்கள். மக்கிய வங்கில் ஆளை ஏற்றிக் கடலுக்கு அனுப்புவது எந்தத் தகப்பனும் விரும்பாத காரியம்.

தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடலுக்குப் போகிறவர்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: "இந்த வயசுல எதுக்குப்பா" என்பது நம் வீடுகளில் அக்கறையைச் சொல்லும் வழக்கமான வாக்கியம். நாற்பது ஆண்டுகள் கடலில் இருந்தவருக்கு அது புரியாமல் போயிருக்காது. அவர் உங்களிடம் கோபப்படவில்லை, நிறுத்தவும் இல்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அந்தக் காரணம் வள்ளத்தை நீங்கள் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதல்ல, பேரன் கடலைப் பார்க்க வேண்டும் என்பது. ஆகவே வாங்குபவரோடு பேசும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: வள்ளம் இறங்கி, ஓட்டம் பார்த்து, கடல் அமைதியாக இருக்கும் ஒரு காலையில், உயிர்காப்பு உடுப்பு போட்டு உங்கள் மகனை ஒருமுறை ஏற்றிக்கொண்டு போய்வர வேண்டும் என்று. ஒப்பந்தத்தில் எழுத வேண்டாம். வாயால் கேட்டால் போதும். உங்கள் கரையில் இதற்கு மறுப்புச் சொல்லும் தொழிலாளி இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அம்மாவிடம் பேசுவதை நீங்கள் தள்ளிப்போடுவதாகத் தெரிகிறது. "என்ன செய்யலாம்?" என்று கேட்காதீர்கள், அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. மாலையில் அவரோடு நின்று தார்ப்பாயின் மறுபக்கக் கயிற்றைக் கட்டுங்கள். "அப்பா இதை எந்தக் கடலுக்கு என்று சொன்னாங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதற்கான விடை ஓடாவியிடமிருந்து வருவதற்கு முன்பே அங்கிருந்து வந்துவிடக்கூடும். அவர் கொடுக்க வேண்டாம் என்றால், ஒரு மழைக்காலம் பொறுங்கள். கூரை சரியாக இருந்தால் வள்ளம் அவ்வளவு காலம் தாங்கும்.

கடைசியாக உளிகளும் வாய்ச்சிகளும். கடற்காற்றில் இரும்பு ஒரே பருவத்தில் துரு ஏறிவிடும். இந்த வாரமே எடுத்து, சுரண்டி, தேங்காய் எண்ணெய் அல்லாமல் இயந்திர எண்ணெய் தடவுங்கள், தேங்காய் எண்ணெய் நாளாக ஆகச் சிக்குப் பிடிக்கும். வள்ளத்தை முடிக்கப்போகிற ஓடாவிக்கு உளி, இழைப்புளி, துரப்பணம் எல்லாவற்றையும் வேலை முடியும் வரை கொடுத்துவிடுங்கள். அவை அந்த மரத்துக்குப் பழகியவை. வாய்ச்சிகளில் பிடி அதிகம் தேய்ந்திருப்பது எதுவோ அதுதான் அப்பா நாளும் எடுத்தது. அதை மட்டும் யாருக்கும் கொடுக்காமல், எண்ணெய்த் துணியில் சுற்றி, வியர்க்கும் தகரப் பெட்டியில் அல்லாமல் மரப்பெட்டியில் வைத்துக் கோயம்புத்தூருக்கு எடுத்துச் செல்லுங்கள்.